தழும்போடு வரைந்த முகம்

எங்கள் குவாட்டர்ஸில் முதலில் செத்தவர் ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிற மனிதர். எதிர் வரிசையில் கடைசி வீடு. ஆறடி ஆள். ஒரு மூட்டை அரிசியை ஒற்றைத் தோளில் வைத்துக்கொண்டு பாசார் கடைத்தெருவிலிருந்து நடந்தே வருவார். திங்கட்கிழமை இடுப்பு வலிக்கிறது என்று வேலைக்குப் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமை காலையில் நான்கு பேர் அவரைப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நான் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தேன். மேலே போர்த்தியிருந்த துணி காற்றில் விலகியது. நெற்றியிலிருந்து கழுத்துவரை நாவற்பழத்தைப் பிசைந்து பூசினதுபோல் ஒரே நீலம். உதடுகள் வீங்கி வேறு யாருடைய வாயையோ ஒட்டவைத்த மாதிரி இருந்தன. அவர் மனைவி "இது அவரு இல்ல, இது அவரு இல்ல" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினாள். துக்கத்தில் எல்லாரும் சொல்வதுதானே என்று நினைத்தேன். அவள் கண்ணால் கண்டதைத்தான் சொன்னாள் என்பது சில நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

சீமையில் பெரிய சண்டை முடியப்போகிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. ஐப்பசி மழை. எனக்கு வயது பத்தொன்பது. கல்யாணமாகி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. என் கணவருக்கு ரயில்வேயில் தண்டவாளத்தைத் திருப்பிவிடும் வேலை. அதிகம் பேசமாட்டார். என் வயிற்றில் மூன்று மாதம். அது எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

என் முகத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழு வயதில், செமினிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கூலிகளின் லய வரிசையில் இருந்தபோது எனக்குப் பெரியம்மை போட்டது. உயிர் பிழைத்தேன். கண் தப்பியது. கன்னம், மூக்கு, மோவாய் எல்லாம் குழி. லயத்துப் பிள்ளைகள் என்னைப் 'பல்லாங்குழி' என்று கூப்பிட்டார்கள். அப்பா சவரம் செய்யும் கண்ணாடியை அம்மா எனக்கு எட்டாத உயரத்தில் மாட்டினாள். நான் வளர்ந்து, எட்டுகிற உயரம் வந்த பிறகும் அதைப் பார்க்கவில்லை. தலை வாருவது, பொட்டு வைப்பது எல்லாம் விரல் பழக்கம்தான். தையலும் பூவேலையும் மட்டும் நன்றாக வந்தன. தலையணை உறைக்கும் ரவிக்கைக்கும் முதலில் பென்சிலால் பூவும் கிளியும் போட்டுக்கொண்டு, அதன்மேல் நூல் ஓட்டுவேன். அந்தப் பென்சில் பழக்கம்தான் பிறகு எனக்கு உதவியது, உபத்திரவமும் கொடுத்தது.

அந்த மனிதரைக் கொண்டுபோன காய்ச்சல் பரவப் பரவ வேலைக்கு ஆள் இல்லாமல் போனது. கிள்ளானில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள் என்று என் கணவரை அங்கே அனுப்பினார்கள். அவர் துணி மூட்டையைக் கட்டும்போது நான் பக்கத்திலேயே நின்றேன்.

"எத்தனை நாளுங்க?"

"சொல்லல."

"போகமுடியாதுன்னு சொல்லக்கூடாதா?"

"சொன்னவனை வேலையை விட்டே அனுப்பிட்டாங்க." மூட்டையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அவர் எப்போது பார்த்தாலும் அந்தப் பார்வை என் கண்ணுக்குக் கீழேதான் நிற்கும். தழும்பைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் குனிந்துகொண்டேன். "யார் கூப்பிட்டாலும் வெளியே போகாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டு அக்கா எனக்குத் துணை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பிள்ளை இல்லாதவர். அவர் குரல் மூன்று வீட்டுக்குக் கேட்கும். அவருடைய கணவர் ரயில் ஷெட்டில் எஞ்சின் துடைப்பவர். என் கணவர் போன மூன்றாம் நாள் மருந்துக் கட்டுப் போடும் ஆஸ்பத்திரி டிரெசர் ஒருவர் ஒரு கட்டு சல்லாத்துணியோடு எங்கள் வாசலுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். முகத்தில் பாதியை வெள்ளைத்துணி மறைத்திருந்தது. அப்படி ஒருவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"பிள்ளை, உமக்குத் தையல் வரும் எண்டு சொல்லிச்சினம். ஆஸ்பத்திரிக்கு இதுமாதிரி வாய்த்துணி வேணும். ஏலுமான மட்டும் தைச்சுத் தாரும்."

"இதைக் கட்டினா காய்ச்சல் வராதாங்கய்யா?"

அவர் தன் துணியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார். "கட்டாமல் விடுறதுக்கு எனக்குப் பயமா இருக்கு" என்றார். நிஜத்தைச் சொன்னார் என்று அவரை நம்பினேன். அவருக்கே பயம் என்றால் எங்கள் கதி என்ன என்றும் அதே நிமிஷத்தில் தோன்றியது.

மறுநாளிலிருந்து அக்காவும் நானும் அதே வேலைதான். துணியை முழ அளவுக்கு வெட்டி, ஆறு மடிப்பாக மடித்து, ஓரம் அடித்து, நான்கு மூலையிலும் நாடா வைக்கவேண்டும். அக்கா தையல் மெஷினின் கைப்பிடியைச் சுற்றுவார், நான் துணியை ஓட்டுவேன். தைத்ததைப் பெரிய பானையில் போட்டுக் கொதிக்கவைத்துக் காயப்போடுவோம். கொல்லைக் கொடியில் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு முகம் வந்து சேரப்போகிறது, அந்த முகம் நீலமாகவும் போகலாம் என்று நினைப்பு வரும். அக்காவிடம் சொன்னால் திட்டுவார் என்று சொல்லவில்லை.

நாடா தீர்ந்துபோனது. அக்காவுக்கு அன்று தலைவலி. கணவர் சொன்னதை மீறி நானே வாய்த்துணி ஒன்றைக் கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். நாங்கள் வாடிக்கையாகத் துணி வாங்குவது கடலோர ஊரிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் வியாபாரியிடம். நல்ல மனிதர்தான். ஆனால் என்னிடம் பேசும்போது மட்டும் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசுவார். அது இரக்கமா அருவருப்பா என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. அன்று அவர் நேராக என் கண்ணைப் பார்த்தார்.

"வாங்க தங்கச்சி. ஊருக்குப் புதுசா? எந்த வீடு?"

ஒன்றரை வருஷமாக அவரிடம் துணி வாங்குகிறவள் நான். "ஆமா அண்ணே, புதுசு" என்று என் வாய் சொல்லிவிட்டது. "கிள்ளான்ல இருந்து வந்திருக்கேன்."

"இந்த நேரத்துலயா வந்தீங்க? பத்திரமா இருங்கம்மா" என்று நாடாவைச் சுற்றித் தாளில் மடித்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

திரும்பி வரும்போது கால் தரையில் படவில்லை. தெருவில் வருகிற போகிற ஒவ்வொருவரும் என் கண்ணைப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டு, கணவருடைய சவரக் கண்ணாடியை ஆணியிலிருந்து எடுத்தேன். வாய்த்துணிக்கு மேலே இரண்டு கண்ணும் நெற்றியும் மட்டும் தெரிந்தன. அழகான ஒரு பெண். அவளை எனக்கு முன்பின் தெரியாது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி நிமிர்த்தினேன்.

சல்லாத்துணி சுற்றி வந்த நீலக் காகிதம் நிறையக் கிடந்தது. அதன் உள்பக்கம் வெளுப்பு. பூவேலைப் பென்சிலை எடுத்து அவளை வரைந்தேன். மறுநாள் வாய்த்துணி இல்லாமல் அவளை வரைந்தேன். கன்னத்தை என் இஷ்டத்துக்குப் போட்டேன், முட்டை ஓடு மாதிரி வழவழப்பாக. இப்படி நாலைந்து படம். வெளியே குழாயடியில் ஒவ்வொரு நாளும் குடங்கள் குறைந்துகொண்டே வந்தன. உள்ளே நான் ஒரு பொய்க்காரியை வரைந்துகொண்டிருந்தேன். அது தப்பு என்று தோன்றியது. பயம் வரும்போதெல்லாம் பென்சிலைத்தான் கை தேடியது.

அடுத்த வாரம் நாடா வாங்கப் போனபோது அந்தக் கடை சாத்தியிருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவரிடம் கேட்டேன். அவர் தன் வாயைப் பொத்திக்கொண்டு விலகிப் போனார்.

அக்காவுக்கு மறுபடி வந்த தலைவலி தலைவலியோடு நிற்கவில்லை. ஒரு காலையில் மெஷினைச் சுற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே மெஷின்மேல் சாய்ந்தார். தொட்டேன், உடம்பு நெருப்பு. மாட்டு வண்டி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியில் இடம் இல்லாமல் ஒரு பள்ளிக்கூடத்தை நோயாளிகளுக்காக ஒழித்துக் கொடுத்திருந்தார்கள், அங்கேதான் கொண்டுபோனார்கள். நான்காம் நாள் அவர் கணவர் தனியாக நடந்து வந்தார். தலையை மழித்திருந்தார்.

"போயிட்டா" என்றார். "முகத்தைக் காட்டச் சொன்னேன். காட்டினாங்க. ஒண்ணும் தெரியல. கறுத்துப் போயிருந்துச்சு. உசரம் அதேதான். சீட்டுல அவ பேருதான் இருந்துச்சு. நானே மண்ணு போட்டேன்."

அக்காவின் வீட்டில் ஒரு விளக்கு எரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அக்கா தும்மியபோதெல்லாம் நான் பக்கத்தில் இருந்தேனே என்ற கணக்குதான் மனதில் ஓடியது. என்னை நினைத்து வெட்கமாக இருந்தது. வெட்கத்தையும் பயம் தின்றுவிட்டது.

இரண்டு நாள் கழித்து, நல்ல மத்தியானம். கொல்லையில் பானையில் துணி கொதித்துக்கொண்டிருந்தது. நான் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, கதவைத் தெற. நிக்க முடியல."

அக்காவின் குரல். குச்சி கையிலிருந்து விழுந்தது. வேலிப் படலுக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றிருந்தார். ஆஸ்பத்திரிச் சேலை, ஒட்டிப்போன கன்னம், இரண்டு கையாலும் ஒரு கம்பை ஊன்றிப் பிடித்திருந்தார். நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டேன்.

"என்னடி இப்படிப் பாக்குற? நான்தான்."

அவர் கணவர் சத்தம் கேட்டு வந்தார். பார்த்ததும் சாக்கடை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு, எனக்கு இன்றைக்கும் நினைத்தால் உடம்பு சில்லிடுகிறது, அவர் தன் மனைவியைக் கேள்வி கேட்டார்.

"எங்கம்மா பேரு சொல்லு."

அக்கா சொன்னார்.

"கப்பல்ல வரும்போது நீ எதைத் தொலைச்ச?"

"மூக்குத்தியை. கடல்ல விழுந்துச்சு. உங்களுக்கு என்ன பைத்தியமா?"

அதற்குப் பிறகுதான் அவர் எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்தார். நடந்தது இதுதான்: முதல் நாளே அக்காவைப் பள்ளிக்கூடத்திலிருந்து பின்னால் போட்டிருந்த கூடாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர் படுத்திருந்த பாயில் வேறொரு பெண்ணைக் கிடத்தினார்கள். சீட்டு பாயோடு தங்கிவிட்டது.

அன்று முழுவதும் அக்கா ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்போ அந்தப் பொம்பளை யாரு? அவ வீட்டுல யாரும் தேடலயா?" அக்காவின் கணவர் விளக்கை அணைக்கவா வேண்டாமா என்று தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அக்காவே சொன்னார், எரியட்டும் என்று. அந்தப் பெண்ணுக்காக மூன்று நாள் எரிந்தது.

எனக்கு அந்தக் கேள்வி வேறு மாதிரி உறுத்தியது. என் கணவர் கிள்ளானில் இருக்கிறார். நான் விழுந்தால் என்னைத் தேட யாரும் இல்லை. வாய்த்துணியோடு கிடத்துவார்கள். முகம் கறுத்துவிடும். யார் பெயரிலோ என்னைப் புதைப்பார்கள். யாரோ ஒருத்தி என் பெயரில் போவாள். வயிற்றில் இருப்பதும் என்னோடு போகும், அப்படி ஒன்று இருந்தது என்பதே யாருக்கும் தெரியாமல். சாவைவிட இந்த நினைப்புதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

அதனால் என் படம் ஒன்றை ரவிக்கையின் உள்மடிப்பில் வைத்துத் தைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். கீழே என் பெயர், கணவர் பெயர், வீட்டு நம்பர். வரைந்து வைத்திருந்த படங்களில் நன்றாக வந்த ஒன்றை எடுத்து அக்காவிடம் காட்டினேன். அக்கா கஞ்சியைக் கீழே வைத்துவிட்டுப் படத்தைத் தூரத்தில் வைத்தும் கிட்டத்தில் வைத்தும் பார்த்தார்.

"அழகா இருக்கா. யாரு இது?"

"நான்தான்க்கா."

அக்கா என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "இதைக் காட்டி உன்னை யாராலயும் கண்டுபிடிக்க முடியாது தங்கச்சி. இது வேற யாரோ."

வீட்டுக்கு வந்து கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்தேன். வாய்த்துணியைக் கழற்றினேன். பன்னிரண்டு வருஷமாகப் பார்க்காமல் தள்ளிவைத்த முகத்தை அன்றைக்குப் பார்த்தேன். முதலில் முழு முகத்தையும் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஒரு விரலைக் கன்னத்தில் வைத்து, விரல் இருக்கும் இடத்தை மட்டும் பார்த்தேன். அந்தக் குழியை வரைந்தேன். விரலை நகர்த்தினேன். அடுத்தது. எல்லாம் ஒரே மாதிரிக் குழி என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அப்படியில்லை. மூக்கின் இடது ஓரத்தில் இருந்ததற்கு விளிம்பு உடைந்திருந்தது. கன்ன எலும்பின்மேல் மூன்று ஒன்றோடொன்று ஒட்டிப் புளியங்கொட்டை நீளத்துக்கு இருந்தன. மோவாயில் நிறைய, மழை பெய்த மணல் மாதிரி. நடுவில் இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். மாலைக்குள் முடித்தேன்.

அது அழகான படம் இல்லை. ஆனால் காகிதத்திலிருந்து என்னைப் பார்த்தவளைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தவள் ஒருத்தி வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பெயரை எழுதி, நான்காக மடித்து, ரவிக்கைக்குள் வைத்துத் தைத்தேன்.

ஐந்தாம் நாள் எனக்கு இடுப்பு வலித்தது. உடனே தெரிந்துவிட்டது.

மாட்டு வண்டியில் போனது அரைகுறையாக நினைவிருக்கிறது. மழை பெய்தது. என் பக்கத்தில் கிடந்தவரின் கால் என்மேல் பட்டுக்கொண்டே வந்தது, பிறகு அது சில்லென்று ஆகிவிட்டது. பள்ளிக்கூட வாசலில் ஒரு ஆயா என்னை இறக்கி, சேலையையும் ரவிக்கையையும் உருவி, வேறு சேலை சுற்றினாள். கொட்டகைக்குக் கீழே ஒரு தகர டின்னில் நெருப்பு எரிந்தது. நோயாளிகள் கட்டி வந்த துணியெல்லாம் அதற்குள் போயிற்று. என் ரவிக்கையும் போயிற்று.

"என் மூஞ்சி எரியுது! ஆயா, என் மூஞ்சியை எடுங்க!" என்று கத்தினேன்.

"காய்ச்சல்ல உளறுது" என்றாள் ஆயா, என்னோடு வந்த வண்டிக்காரனிடம்.

"பேரு என்ன?" என்று யாரோ கேட்டார்கள். நான் சொன்னேன் என்று நினைத்தேன். வாயில் வந்தது இருமல் மட்டும்தானாம்.

உள்ளே கரும்பலகை இருந்த சுவரோடு வரிசையாகப் பாய்கள். எல்லார் முகத்திலும் வாய்த்துணி. அதில் நான் தைத்தது எது என்று பார்த்தேன், மூலைத் தையலை வைத்து எனக்குத் தெரியும். எனக்குப் பக்கத்தில் கிடந்தவளுக்கு நான் தைத்ததுதான். அது மூச்சுக்கு மூச்சு உள்ளே ஒட்டும், வெளியே வரும். பிறகு ஒட்டியது, வரவில்லை. அவளைத் தூக்கினார்கள். அதே பாயில் இன்னொருத்தியைப் போட்டார்கள். நான் என் பாயின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், என்னை மாற்றிவிடக்கூடாது என்று. எந்த நாளோ ஒரு நாள் வயிற்றில் இருந்ததும் போய்விட்டது. ஆயா துடைத்துவிட்டு அடுத்த பாய்க்குப் போனாள். கேட்க எனக்குப் பலம் இல்லை.

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. எனக்குக் காய்ச்சல் இறங்கின பிறகு ஆயா சொன்னதுதான்.

அக்கா ரயில் கார்டு ஒருவரிடம் சொல்லி அனுப்பி, செய்தி கிள்ளானுக்குப் போயிருக்கிறது. என் கணவர் வேலையைப் போட்டது போட்டபடி வந்து பள்ளிக்கூட கேட்டில் நின்றிருக்கிறார். உள்ளே விடவில்லை. அங்கே இருந்த வேறொரு யாழ்ப்பாணத்து டிரெசர் பட்டியலைப் பார்த்தால் என் பெயர் இல்லை. பெயர் தெரியாத பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அன்று காலையில் புதைத்தவர்களிலும் பெயர் தெரியாதவள் ஒருத்தி இருந்தாள்.

"அடையாளம் ஏதும் சொல்லுங்கோ" என்றாராம் டிரெசர்.

"அம்மைத் தழும்பு."

"அப்பிடி மூண்டு பேர் இருந்தவை. ஒராள் காலமை போயிட்டா."

ஆயா எனக்குச் சொல்லும்போது கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். "உன் புருஷன் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். மூஞ்சி வெளுத்துப்போச்சு. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு ஒப்பிச்சான் பாரு. இடது கன்னத்துல எலும்புமேல மூணு சேர்ந்தாப்ல இருக்கும்னான். மூக்கு ஓரத்துல ஒண்ணு, ஓரம் உடைஞ்சிருக்கும்னான். நெத்தியில புருவத்துக்கு மேல ஒண்ணே ஒண்ணு, உளுந்து அளவு. மேல் உதட்டுக்குப் பக்கத்துல ஒண்ணு, அவ சிரிச்சா அது மறைஞ்சிடும்னான். காய்ச்சல்ல கெடக்கிறவ எங்கய்யா சிரிப்பா, அப்படின்னு நான் கேட்டேன். அழுதுட்டான். நான் வந்து உன் துணியை எறக்கிப் பாத்தேன். எல்லாம் சொன்னபடி இருந்துச்சு. ஓடிப்போய்ச் சொன்னேன், உசுரோட இருக்காய்யான்னு."

நான் வாய்த்துணிக்குள்ளே விரலை விட்டு மேல் உதட்டோரத்தைத் தடவினேன். அங்கே ஒன்று இருந்தது. நான் அதை வரையவில்லை. கண்ணாடி முன்னால் பயத்தோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் வரைந்துவிட்டதாக நினைத்தேன். சிரித்தால் மறைகிறது என்பது எனக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

நடக்க முடிந்த அன்று ஆயா என்னை ஜன்னலருகே கொண்டுபோய் உட்காரவைத்தாள். "அதோ கேட்டுல" என்றாள். கேட்டில் ஏழெட்டு ஆண்கள் நின்றார்கள், எல்லார் முகத்திலும் வெள்ளைத்துணி. எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. ஒவ்வொருவராகப் பார்த்தேன். உயரத்தை வைத்து ஒருவரை நினைத்தேன், அது அவர் இல்லை. அழுகையாக வந்தது. அவரோ என் மூக்கோரத்தைச் சொல்லியிருக்கிறார், நானோ அவர் நிற்பதைக்கூடத் தெரியாமல் இருக்கிறேன். அப்போது ஒருவர் துணியைக் கழுத்துக்கு இறக்கினார். டிரெசர் எங்கிருந்தோ சத்தம் போட்டார், "கட்டுங்கோ, கட்டுங்கோ!" என்று. அவர் மறுபடி மேலே இழுத்துக்கொள்வதற்குள் நான் பார்த்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு வாரம் அவர்தான் கஞ்சி வைத்தார். குழந்தை போனதை நான் சொல்லும்போது அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார். ஆயா சொல்லித் தெரியும் என்று தலையை ஆட்டினார். வெகுநேரம் கட்டையைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார். என் தலைமுடி சீப்பில் கொத்துக் கொத்தாக வர ஆரம்பித்தது. காய்ச்சல் கண்ட எல்லாருக்கும் அப்படித்தான் என்று அக்கா சொன்னார். தன் முந்தானையை விலக்கித் தன் தலையையும் காட்டினார்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "என் முகத்தை எப்பங்க அவ்வளவு பாத்தீங்க?"

அவர் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. "கல்யாணமான புதுசுல உன் கண்ணைப் பாக்க வெக்கமா இருந்துச்சு. கன்னத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்படியே பழகிப்போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கையால் வாயை மூடப்போனேன், பிறகு கையை எடுத்துவிட்டேன்.

வருஷம் திரும்புவதற்குள் அவருக்குக் கிள்ளானுக்கே மாற்றல் வந்தது. அதற்குள் காய்ச்சல் ஓய்ந்துவிட்டது, யாரும் வாய்த்துணி கட்டவில்லை. நான் மட்டும் வெகுநாள் விடாமல் கட்டிக்கொண்டிருந்தேன். தழும்புக்காகவா நோய்க்காகவா என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ரயில் ஏறிய அன்றைக்குத்தான் கட்டாமல் கிளம்பினேன். அவர் முன்பெட்டியில் சாமான்களோடு இருந்தார். பெண்கள் பெட்டியில் எனக்கு எதிரே ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார், பந்திங் பக்கம் ஏதோ தோட்டத்துக்குப் போகிறவர். என் முகத்தை ஒளிக்காமல் பார்த்தார்.

"அம்மையா?"

"ஆமாம்மா. ஏழு வயசுல."

"உசுரு நின்னுச்சே" என்றார். தனக்கு இந்தக் காய்ச்சலில் இரண்டு பிள்ளைகள் போய்விட்டதாகச் சொன்னார். எனக்கு ஒன்று போனதைச் சொன்னேன். வேறொருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ரயில் பத்து திகா ஸ்டேஷனைத் தாண்டியது. அவர் மடியிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்து, பாதியை எனக்குக் கொடுத்தார்.

அப்போது அவர் இருமினார். சின்ன இருமல்தான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொரு தடவை இருமினார். பெட்டியில் இருந்த எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். பாதிப் பழம் என் கையில் இருந்தது.

"கரித்தூசி" என்றார் அவர், என் கண்ணைப் பார்த்து. அவருக்கும் பயமாக இருந்தது.

"தூசிதாம்மா" என்றேன்.

எழுந்து தூசி வராதபடி ஜன்னல் பலகையை இழுத்து மூடிவிட்டு, அவருக்கு எதிரிலேயே மறுபடி உட்கார்ந்தேன். பழத்தைத் தின்றேன். கிள்ளான் வரும்வரை இருவரும் அடுத்த இருமலுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.